இரண்டாம் வரிசை, ஒன்பதாம் எலி

நாகமலைப் புதுக்கோட்டை நிறுத்தத்தில்
பழைய டயர் கடைக்குப் பின்னால்
யாரும் விதைக்காமல் படர்ந்து கிடக்கிறது
மூக்கிரட்டை.
வேரோடு பிடுங்கியது ஏழு கிலோ.
நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து,
சாராயத்தில் ஊறவைத்து வடித்து வற்றவிட்டதில்
மிஞ்சியது
ஹார்லிக்ஸ் பாட்டிலின் அடியை மறைக்கும் அளவு
கருஞ்சிவப்புப் பசை.

எலிகள் இருபத்து நான்கு.
ஆளுக்கொரு கூண்டு, நான்கு வரிசை.
முதல் வரிசைக்குத் தண்ணீர்.
இரண்டாவதற்கு ஜென்டாமைசின் ஊசி, வேறொன்றுமில்லை.
மூன்றுக்கும் நான்குக்கும்
முதலில் பசை கரைத்த நீர்,
ஒரு மணி நேரம் கழித்து ஊசி.

கூண்டு கழுவி உமி மாற்றுகிறவர் ஒச்சம்மா.
"ரெண்டாவதுக்கு மட்டும் ஏன்மா தழை இல்ல?"
ஒப்பிடணும்ல அக்கா.
"எதோட?"
தழை குடிச்சதுகளோட.
"அப்ப இதுக கெடுறதுதான்
அதுக பொழைச்சதுக்குச் சாட்சி."
கேள்வியாகக்கூட அவர் கேட்கவில்லை.
நான் பைப்பெட்டின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் போன ஒரு மத்தியானம்
விளக்கிச் சொல்ல முயன்றேன்.
மருந்து கிட்னிக் குழாயில் தேங்குது அக்கா,
அங்கே ஒரு எலக்ட்ரான் குறைஞ்ச துகள் பிறக்குது,
குறைஞ்சது பக்கத்துல பிடுங்கும்,
பறிகொடுத்தது அதுக்குப் பக்கத்துல...
"கந்துவட்டி" என்றார்.
அதேதான்.
இவனிடம் வாங்கி அவனுக்கு அடைத்து
அவனுக்காக இன்னொருவனிடம் கைநீட்டி
கடைசியில் செல்லின் சுவரே ஏலத்துக்கு வரும்.
"தழை என்ன செய்யும்?"
தன்கிட்ட இருக்கிறதக் கொடுத்துட்டு
யார்கிட்டயும் போய் நிக்காது.
"அப்படி ஒரு ஆள
உசிலம்பட்டிப் பக்கம் நான் பாத்ததில்ல."

பதினோராம் நாள் ரத்தம் எடுத்தோம்.
இரண்டாம் வரிசையில் கிரியாட்டினின் எகிறி நிற்க,
ஒன்பதாம் எலிக்கு மட்டும் புள்ளி ஏழு.
மறுபடி போட்டேன். புள்ளி ஏழு.
திறந்து பார்த்தால்
மற்றவை வெளிறி வீங்கிய மொச்சை,
இது நனைந்த புளியங்கொட்டை நிறத்தில்.
கூண்டில் உமிக்கடியில்
காய்ந்த சிவப்புக் காம்பு இரண்டு.

"கையை மோந்து பாத்துச்சு" என்றார்.
அவ்வளவுதான் அவர் வாக்குமூலம்.

இரண்டு காம்புத் தழைக்கு இவ்வளவு நடக்காது.
கணக்கு அப்படித்தான் சொல்கிறது.
எலிகளிலும் சில தானாகவே தாங்கும்.
ஆய்வேட்டில் ஒன்பதை விலக்கினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'கையாளுதல் பிழை' என்று எழுதினேன்.
யாருடைய கை என்று எழுதவில்லை.

புது கிட் வந்தது. சோதித்துப் பார்க்க ரத்தம் வேண்டும்.
ஒச்சம்மா முழங்கையை நீட்டினார்.
மூன்று புள்ளி எட்டு.
கிட்டைத்தான் முதலில் சந்தேகித்தேன்.
பிறகு கேட்டேன்:
முட்டிவலிக்கு, செக்கானூரணி மெடிக்கலில்
அட்டையிலிருந்து கிழித்துக் கொடுக்கும் மாத்திரை,
பேர் தெரியாது,
காலையில் ஒன்று ராத்திரி ஒன்று,
ஆறு வருஷம்.

"பசை மிச்சம் இருக்கா?"

இருக்கிறது.
விஷத்துக்கு முன்னால் கொடுத்தால் காக்கும்,
எலியை.
அதற்குப் புள்ளிவிவரம் வைத்திருக்கிறேன்.
கெட்ட பிறகு கொடுத்தால் என்ன ஆகும் என்று
பார்க்கிற வரிசை என்னிடம் இல்லை.
ஐந்தாம் வரிசைக்கு
எலி அனுமதிக்கப்படவில்லை.

பெரியாஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் எழுதினார்:
மாத்திரை நிறுத்தவும்.
கீரை, இளநீர், வாழைப்பழம் கூடாது.
நாட்டு மருந்து அறவே கூடாது.
கூடாது என்பதன் கீழே இரண்டு கோடு.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவர்.
டயர் கடை வந்தபோது எட்டிப் பார்த்தார்.
மழை பெய்திருந்தது.
நாம் மொட்டையடித்த இடமெல்லாம் பச்சை.
ஒன்றும் சொல்லவில்லை.
கல்லூரி வாசலில் இறங்கும்போது கேட்டார்:

"அந்த ஒம்பதோட கிட்னிய என்னம்மா செஞ்ச?"
பாட்டில்ல போட்டு வச்சிருக்கேன் அக்கா.
"கெடாதுல்ல?"

கெடாது.