பதில்

துறைமுகத்தில் பெட்டி நின்றுவிட்டது.
டொலர் இல்லையாம்.
முதலாளி ஒரு காகிதத்தை நீட்டினார், மூன்றே பெயர்:
அஞ்சோ, சிப்போட்லே, ஹபனேரோ.
"வெள்ளிக்கிழமைக்குள்ள எதையாவது பண்ணு, சுரங்கி."

நான் சுரங்கி இல்லை.
சுரங்கி பிள்ளை பெறப் போனபோது
மூன்று மாதத்துக்கென்று வந்தவள், ஜெசிந்தா.
அவள் திரும்பி வரவில்லை.
நெஞ்சில் குத்திய பெயர்த்தகடு அவளுடையது.
புதிதாக அடிக்க ஆயிரத்து இருநூறு ரூபாய்.

கொள்ளுப்பிட்டியில் நூறாம் நம்பர் பஸ் ஏறி
புறக்கோட்டையில் இறங்கி
பழைய சோனகத் தெருவுக்கு நடந்தேன்.
மூடைகளுக்கு நடுவில் தும்மிக்கொண்டே
கணக்கெழுதிக்கொண்டிருந்தார் இஃப்திகார்.
காகிதத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.
"இது கொச்சிக்காயா, ஃபுட்போல் டீமா?
நம்மட்ட செத்தல் இருக்கு. தூள் இருக்கு.
வேணுமா, வேணாமா?"

இரண்டு கிலோவை மடியில் வைத்துக்கொண்டு
திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன்:
கொச்சிக்காய் கொச்சியில் பிறக்கவில்லை.
மிளகாய் மிளகின் காயுமில்லை.
எங்கிருந்தோ கப்பலில் வந்து
மிளகின் பெயரை மாட்டிக்கொண்டு
குசினியில் குந்திவிட்டது.
இப்போது மிளகுக்கு
சளி பிடித்த நாளில்தான் வேலை.

அஞ்சோவுக்கு,
நீளச் செத்தலை விதை தட்டி
சுடுநீரில் ஊறப்போட்டேன். ஒரு பிடி பிளம்ஸ்,
ஒரு பேரீச்சம்பழம், கால் கரண்டி கோப்பித் தூள்.
எரிந்தது.
விதையை மட்டுமல்ல, உள்நரம்பையும்
உரிக்கவேண்டுமென்று
மூன்றாம் சட்டியில்தான் விளங்கியது.
அதற்குள் கண்ணைக் கசக்கிவிட்டேன்.

சிப்போட்லேக்கு, பழுத்த கொச்சிக்காயை
சிரட்டைக் கரியின் மேல் வலைத்தட்டில் கிடத்தினேன்.
பின்பக்க லொட்ஜிலிருந்து ஒருவர்
எங்கே நெருப்பு என்று சாரத்தோடு ஓடிவந்தார்.
இருமினார், திட்டினார்,
பிறகு கொஞ்சம் நின்று
"வாசம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஹபனேரோவுக்கு ஒன்றும் செய்யவில்லை.
பொரளைச் சந்தையில் நைமிரிஸ் கிடந்தது,
சுருங்கிய மஞ்சள் முகத்தோடு.
நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்தேன்.
முதலில் பழ வாசம், பிறகு அறை.
அது பதிலே இல்லை. ஒரே குடும்பம்.
யாரோ எப்போதோ கூட்டிவந்து
வேறு பெயரில் பள்ளியில் சேர்த்த பிள்ளை.

வெள்ளிக்கிழமை நாற்பத்தாறு தட்டுப் போனது.
ஒரு தட்டுத் திரும்பியது,
உப்புக் கூட என்று.

எட்டு மாதம் கழித்துப் பெட்டி வந்தது.
உண்மையான அஞ்சோ
பழைய கைப்பையின் தோல் மாதிரி
கறுத்து மடிந்திருந்தது. முகர்ந்தேன்.
புகையிலை, வற்றல் பழம்,
நெடுநாள் திறக்காத அலுமாரி.
நல்லதுதான். ஆனாலும்
இவ்வளவு மெதுவாகப் பேசுமென்று
நான் நினைத்திருக்கவில்லை.

அன்றிரவு ஒன்பதாம் மேசையிலிருந்து ஆள் வந்தது.
"சமையல்காரர் மாறிட்டாரா?
வழமையான ருசி இல்லையே."

முதலாளி குசினிக்குள் எட்டிப்பார்த்தார்.
"சுரங்கி, அந்தப் பழசு மிச்சம் இருக்கா?"

இருந்தது. நேற்றையது.
குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், தயிர்ச் சட்டியில்.
மேலே ஒட்டிய டேப்பில் என் கையெழுத்து:
பதில்.
கேள்வி என்னவென்று
மேசைக்காரர் எவருக்கும் தெரியாத பதில்.

சூடாக்கி அனுப்பினேன்.
தட்டு வழித்துத் துடைத்துத் திரும்பியது.

டேப் சுருளில் கொஞ்சம் மிச்சம்.
பெயர்த்தகட்டின் மேல் வைத்து
நீளம் பார்த்தேன்.
போதும்.
பேனையைத் தேடுவதற்குள்
பதினோராம் மேசை கூப்பிட்டது.