முள் அசையாத நேரம்

பீஷான் பணிமனை. விடிகாலை ஐந்தே முக்கால்.
மஸ்தான் கனி சட்டைப் பையிலிருந்து
பித்தளைத் திசைகாட்டியை எடுத்துக்
கருவிப் பெட்டிமேல் வைக்கிறான்.
மக்கா மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து.
முள் ஒப்புக்கொள்ளவில்லை.
"பாத்தியா, திரும்பவும் சுத்துது."

கான்கிரீட்டுக்குக் கீழே
என் முழங்கைத் தடிமனில் ஒரு கேபிள்.
ஆறாம் தடத்தில் ரயில் புறப்பட,
முள் விலகுகிறது.
ரயில் போனதும்
குடையை மறந்து போனவன் திரும்பி வருவதுபோல்
மெல்ல வடக்குக்கு வருகிறது.

நின்ற மின்சாரம் முள்ளோடு பேசாது.
நடக்க வேண்டும் அது.
நடந்தால் தன்னைச் சுற்றி வட்டம் போடும்,
அந்த வட்டம்தான் காந்தம்.
கம்பியே இல்லாத இரும்புக்குள்ளும் இதே கதை:
என் திருப்புளியில் கோடானுகோடி எலக்ட்ரான்கள்
பம்பரம் என்கிறார்கள், பம்பரமும் இல்லையாம்.
கோஷ்டி கோஷ்டியாக ஆளுக்கொரு திசை பார்த்து
ஒருவர் பலத்தை ஒருவர் தின்றுகொண்டிருந்தவை.
மோட்டார் பக்கத்தில் ஒரு வாரம் கிடந்ததில்
பாதிக் கோஷ்டி ஒரே பக்கம் திரும்பிவிட்டது.
இப்போது திருகாணி நுனியிலேயே தொங்குகிறது.
எனக்கு வசதி.

போன ஜூனில் ஒரு நாள்
முள் அசையவே இல்லை.
எட்டாம் தடம் காலி. இழுக்க ரயில் இல்லை.
கரண்டு இல்லை என்று
நானே முடிவு கட்டி,
மூன்றாம் தண்டவாளத்துக்கு அப்பால் விழுந்த
கையுறையை எடுக்கக் குனிந்தேன்.

காலரைப் பிடித்து என்னைப் பின்னால் எறிந்தவன்
தொழுகையைப் பாதியில் விட்டிருந்தான்.

சோதனைக் கோலை நீட்டினோம். விளக்கு சிவப்பு.
எழுநூற்றைம்பது வோல்ட்,
யாரும் கேட்காததால் எங்கும் போகாமல்
அப்படியே நின்றிருந்தது.
நான்தான் அதற்குக் கிடைத்த வழியாக இருந்திருப்பேன்.
அப்போது முள்ளும் அசைந்திருக்கும்,
கொஞ்சம்,
என் உடம்பு கடத்துகிற அளவுக்கு.

மஸ்தான் திட்டவில்லை.
விரிப்பை உதறிப் போட்டு
முதலிலிருந்து தொடங்கினான்.
எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை,
எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும்.

கையுறையை மறுநாள் எடுத்தோம்:
மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு,
சீட்டு எழுதி, இரண்டு கையெழுத்து வாங்கி,
கோலை மறுபடி நீட்டிப் பார்த்து.
மூன்று வெள்ளிக் கையுறை.
இடது கை.