பதினோராவது சனி

பாபுராவ் தெருவில் எங்கள் லாட்ஜுக்கு
இருபத்திரண்டு அறை, இரண்டு நோட்டு.
ஒன்று முதலாளியுடையது:
யார், எந்த ஊர், எந்த டாக்டர், என்ன முன்பணம்.
இன்னொன்று என்னுடையது. அதில் குதிரைகள்.

சனிக்கிழமை விடியும் முன்
காட்பாடி போகிற வழியில் ஏகாம்பரம் ஆட்டோவை நிறுத்துவான்.
ஒரே ஒரு ஹாரன்.
உறையைக் கொடுப்பேன்:
இருநூறு ரூபாய், ஒரு ரேஸ், ஒரு குதிரை.
கிண்டிக்கு அவன் போவான். நான் போவதில்லை.
ஒருமுறை போனேன்.
திரும்பிவர வாலாஜா ரோடு வரைக்கும்தான் டிக்கெட்டுக்குக் காசிருந்தது.
மிச்சத்தை நடந்தேன், லாரி வெளிச்சத்தில்.

பின் அட்டையில் சட்டம் எழுதியது அப்புறம்:
மொத்தம் பத்தாயிரம், மேலே ஒரு காசில்லை.
ஆட்டத்துக்கு ஐம்பதில் ஒரு பங்கு.
பத்து தொடர்ந்து போனால் பாதி.
கடன் சொல்லி ஆடக்கூடாது.
எழுதிய மாதம் ஜெயித்துக்கொண்டிருந்தேன்,
அதனால் கையெழுத்து அழகாக இருக்கிறது.

ஆனியில் தொடங்கியது.
ஒன்று மூக்களவில் தோற்றது.
ஒன்று கேட்டை விட்டே வரவில்லை.
ஒன்று ஜெயித்தது, ஆட்சேபம் வந்து கீழே இறக்கினார்கள்.
மற்றவை சும்மா தோற்றன. கதை கிடையாது.

ஏழாவது வாரம்
குதிரையைக் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு
என்னைப் பார்க்கத் தொடங்கினேன்:
எந்தக் காலை முதலில் வைத்தேன், எதிரே வந்தது யார்.
எப்போதோ ஜெயித்த நாளின் நீலச் சட்டையைத்
துவைக்காமல் வைத்திருந்தேன்.
அதுவும் நோட்டில் இருக்கிறது, அடித்தபடி.

பத்தும் போனது. உறையில் நூறு வைத்தேன்.
ஏகாம்பரம் பிரித்துப் பார்த்துச் சிரித்தான்.
"இன்னாபா, குதிரைக்குக் கொள்ளு வாங்கியாரவா?
இது பதினோராவது சனி.
பதினொண்ணுல சனி நின்னா லாபம்பா,
எந்த ஜோசியனை வேணா கேளு."

மூன்று பத்துக்குப் போன் வந்தது.
என் நூறு அதற்குள் போயிருந்தது.
"அஞ்சாவது ரேஸு, ஏழாம் நம்பரு. லாயத்துலருந்து சேதி.
அஞ்சாயிரம்னு வாயால சொல்லு, நான் கட்டிக்கறேன்,
ராத்திரி குடு.
விட்டதெல்லாம் ஒரே அடில புடிச்சிடலாம்."

மேசை டிராயரில் எட்டாயிரம்,
ரப்பர் பேண்டு போட்டு,
பதினாலாம் அறை மால்டாக்காரர் முன்பணம்.
டிராயரை நான் திறக்கவில்லை.
திறக்காமலே எண்ணினேன்.

விட்டதைப் பிடிக்கணுமாம்.
விட்டது என்ன கயிறறுத்த கன்றா,
தெருமுனையில் நின்று
நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்க்க?
அதில் யாரோ இந்நேரம் செருப்பு வாங்கியிருப்பான்.

தைரியமாக மறுத்தேன் என்று எழுத ஆசைதான்.
"ஆள் வந்திருக்காங்க, அப்புறம் பேசறேன்" என்றேன்.
யாரும் வரவில்லை.
போனை மேசையிலேயே விட்டு
எதிர்க்கடைக்குப் போனேன்.
ஒன்றரை நிமிஷம் ஓடுகிற குதிரைக்கு
இரண்டு டீ.

ஏழாம் நம்பர் வந்தது.
ஒன்றுக்கு ஏழு.

ஒன்பது மணிக்குப் பதினாலாம் அறை அம்மாள் இறங்கி வந்தார்.
ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது, ஊருக்குக் கிளம்புகிறார்கள்.
தங்கிய நாளுக்குக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன்.
அவர் பாஷையில் இரண்டு முறை எண்ணினார்.
பணம் இருந்தது.
ஆடியிருந்தாலும் இருந்திருக்கும், மேலே முப்பத்தைந்தாயிரத்தோடு.
இந்தக் கணக்கில் என்னைத் தூங்கவிடாத வரி அதுதான்.

பதினொன்றுக்கு ஏகாம்பரம் வந்தான்,
நான்கு பிரியாணிப் பொட்டலத்தோடு.
ஒன்றை என் மேசையில் வைத்தான், ஒன்றும் சொல்லவில்லை.
நல்ல பிரியாணி. பொய் சொல்லக்கூடாது.

கையைக் கழுவி நோட்டை எடுத்தேன்.
தேதி, குதிரையின் பெயர், நூறு, போச்சு.
ஆடாத ஆட்டத்துக்கு நோட்டில் கட்டம் கிடையாது.
ஸ்கேல் வைத்து ஒன்று போட்டேன்.
அதில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை,
வெறுமனே விட்டிருக்கிறேன்.

பிறகு புது உறை ஒன்றை எடுத்து
உள்ளே நூறு வைத்தேன்.
நூறுதான்.