செலவினக் குறியீடு

நவம்பரில் வந்தது பணம்.
மாணவர் மனநலம், ஒருமுறை ஒதுக்கீடு,
எட்டாயிரம் ரிங்கிட்.
டிசம்பர் பத்துக்குள் செலவாகாவிட்டால்
வந்த வழியே திரும்பிவிடும்.

நான் பள்ளிக் கிராணி.
சுற்றறிக்கையை மூன்று தடவை படித்தேன்.
மேசை வாங்கலாம். நாற்காலி, திரைச்சீலை,
குளிர்சாதனம், பெயர்ப்பலகை வாங்கலாம்.
ஆள் போட முடியாது.
ஆளுக்கு வேறு குறியீடாம், வேறு இலாகாவாம்,
நூற்று நான்கு பிள்ளைகள் போதாதாம்.

இல்ல விளையாட்டுக் கூடாரங்களும்
எலி கடித்த சாக்குகளும் கிடந்த அறையைக்
காலி செய்தோம்.
பெக்கானிலிருந்து ஆ லியோங் கடை லாரி
நீலச் சோபாவை இறக்கிவிட்டுப் போனது.
பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காதீங்க,
தணிக்கைக்கு வருவாங்க, என்றார் தலைமையாசிரியர்.
கதவில் 'மனம் திறந்து பேசு' என்று ஒட்டினோம்.
சாவி என் இழுப்பறையில்.

ஆலோசகர் மிஸ் பிரவீணா
நான்கு தோட்டப் பள்ளிகளுக்கு ஒருவர்.
ஒன்றுவிட்ட புதன்களில்
செம்பனைக் குலை லாரிகளின் பின்னால்
அவர் மைவி ஊர்ந்து வரும்.
பாலத்தில் தண்ணீர் ஏறினால் அதுவும் இல்லை.

ஐந்தாம் ஆண்டு ருத்ரேஷ்
வியாழக்கிழமை உடைந்தான்.
யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை.
கணக்குப் புத்தகத்தின் மேல் தலையை வைத்தவன்
மணி அடித்தும் எடுக்கவில்லை.
அவனை என்னிடம் அனுப்பினார்கள்,
சாவி என்னிடம் இருப்பதால்.

அவன் உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் நொறுநொறுத்தது.
நான் படித்தது கணக்குப் பதிவியல்.
மைலோ வேணுமா, என்றேன்.
பதில் இல்லை.
மிஸ் பிரவீணாவுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன்.
ஒற்றை டிக்.
வெகுநேரம் குளிர்சாதனம் மட்டும்
எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

"டீச்சர், இங்க படுக்கலாமா?"

நான் டீச்சர் இல்லை என்று சொல்லவில்லை.

"அம்மாவுக்கு நைட் ஷிப்ட்.
அப்பா வந்து தட்டுனா தொறக்கக் கூடாது.
தம்பி தூங்கிருவான்.
நான் கதவைப் பாத்துக்கிட்டே இருப்பேன்."
பிறகு, ஏதோ கணக்குச் சந்தேகம் கேட்பதுபோல,
"இங்க வெளிய யாரு இருப்பா?"

நான் இருக்கேன், என்றேன்.
சோபாவின் உறையை
ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிழித்தேன்.
செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டுப் படுத்தான்.
படுத்த கணமே தூங்கினான்.

நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு
மடிக்கணினியில் அறிக்கையைத் தொடங்கினேன்.
சோபா, ஒன்று.
குளிர்சாதனம், ஒன்று.
பெயர்ப்பலகை, ஒன்று.
மீதம், நாற்பது சென்.
நடந்த அமர்வுகள் எத்தனை?
நடத்தியவர் தகுதி?

ஒன்று என்று அடித்தேன்.
அழித்தேன்.
மறுபடி அடித்தேன்.

பூட் கழற்றாமல் வந்த தலைமையாசிரியர்
கிழிந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தார்,
பையனைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல்
பக்கத்து வகுப்பைக் கத்த வேண்டாம் என்று சொல்லப் போனார்.

புதனுக்கு இன்னும் ஆறு நாள்.
அந்தப் புதன் எங்கள் முறையும் இல்லை.
ஆலைப் புகைபோக்கிக்குப் பின்னால்
இருட்டிக்கொண்டு வருகிறது.