மிச்சச் சுரம்

ஜூலைப் பட்டறையில், லேடிஸ்மித் பள்ளி அரங்கில்,
நாற்காலிகளை நான்காய்ப் பிரித்தார்கள்.
மெட்டு தெரிந்தவர்கள் லீட்.
உச்சத்துக்கு டெனர், ஆழத்துக்கு பேஸ்.
"பாக்கி யார்?" என்றார் ஹெஸ்டர்,
புளூம்ஃபொன்டைனிலிருந்து தனியே காரோட்டி வந்தவர்.
கை தூக்கினேன்.
அப்படித்தான் பாரிடோன் ஆனேன்.

பார்பர்ஷாப் பாட்டு என்றதும்
என் கொழுந்தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு
ஷேவிங்குக்கு எவ்வளவு என்றான்.
வாத்தியம் கிடையாது, நாலு தொண்டை மட்டும் என்றேன்.
"சுருதிப்பெட்டி கூடவா இல்லை?"
ஒரு பிட்ச் பைப் உண்டு,
வட்டமாய், ஷூ பாலிஷ் டப்பா போல.
ஒரே ஊது.
அதற்குப்பின் உன் காதுதான் உனக்கு.

மற்ற மூவரும் எடுத்துக்கொண்ட பின்
எது மிஞ்சுகிறதோ அது என் சுரம்.
லீடுக்கு மேலே ஏறும், சொல்லாமல் கீழே இறங்கும்,
நாலு தடவை ஒரே இடத்தில் நிற்கும்,
பிறகு அரைப்படி நகர்ந்து
தப்பு செய்தவள்போல் திரும்பி வரும்.
நார்த்டேல் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே
மூன்று வாரம் பாடினேன்.
மகள் கதவருகே வந்து நின்று கேட்டாள்:
"மா, யாரையாவது கூப்பிடணுமா?"

லீட் சலோச்சனி, மருந்துக்கடைக் கல்லாவில் இருப்பவள்;
பாடும்போதும் சில்லறை எண்ணுவதுபோல் விரல் அசையும்.
டெனர் மர்லீன்.
பேஸ் தெம்பேகா. அவள் தாழ இறங்கினால்
என் நாற்காலியின் இரும்புக்காலுக்குத்தான் முதலில் கேட்கும்.

ஆகஸ்டில் மறுபடி அதே அரங்கு.
ஹெஸ்டர் சனிக்கிழமை முழுக்க ஒன்றையே சொன்னார்:
உயிரெழுத்தை ஒரே வடிவில் திறவுங்கள்.
சலோச்சனியின் ஆ அகலம், என் ஆ ஒடுக்கம்,
தெம்பேகாவின் ஆவுக்குள் ஒரு லாரி திரும்பலாம்.
நாலும் ஒன்றானால்
நாலு பேரும் பாடாத ஐந்தாம் குரல் ஒன்று
மேலே கேட்குமாம்.
கேட்கவில்லை.
டீ வேளையில் மர்லீன் சொன்னாள்:
அந்த ஐந்தாவது ஆளுக்கு பஸ் தப்பியிருக்கும்.

ஞாயிறு மேடை.
டர்பன் கூட்டம் ஒரே நீலத்தில்.
நாங்கள் ஆளுக்கொரு பச்சை.
இரண்டாம் சரணத்தில் சலோச்சனி
முன்வரிசையில் தன் முன்னாள் மாமியாரைப் பார்த்துவிட்டாள்.
மெட்டு நின்றது.
மர்லீனும் நின்றாள், மரியாதைக்காகவோ என்னவோ.
தெம்பேகா மூச்செடுக்கப் போயிருந்தாள்.
மிஞ்சியது நான்.

ஏழு சுரம், பிறகு எண்ணிப் பார்த்தேன்,
ஏழு சுரம் அந்த அரங்கில் தனியாய்ப் பாடினேன்,
பாட்டு என்று யாரும் நம்பாத ஏழு.
யாரோ இருமினார்கள்.
ஏன் நிறுத்தவில்லை என்று இன்றும் தெரியாது.
எட்டாவதில் மூவரும் வந்து ஏறிக்கொண்டார்கள்,
நகரும் வண்டியில் ஏறுவதுபோல்.

மதிப்பெண் தாளை சலோச்சனி எட்டாய் மடித்துக்
கைப்பையில் போட்டாள்.

மூய் ரிவர் டோலுக்கு முன் ஒரு பெட்ரோல் பங்க்.
பெண்கள் கழிப்பறை, தரையிலிருந்து கூரைவரை வெள்ளை ஓடு.
குழாயில் பனிக்கட்டித் தண்ணீர்.
கை கழுவிக்கொண்டே சலோச்சனி
அந்த இரண்டாம் சரணத்தை எடுத்தாள்,
கண்ணாடியைப் பார்த்து, கோபமாய்.
தாழிட்ட கதவுக்குள்ளிருந்து மர்லீன்.
கை உலர்த்தும் மெஷின் அடியில் தெம்பேகா.
மூவரும் விட்ட இடத்தில் எனக்கு ஒரு சுரம் இருந்தது.
ஈரக்கையோடு போய் அதில் நின்றேன்.

ஓடு ஒலித்தது.
எங்கள் தலைக்கு மேல், ட்யூப்லைட்டை ஒட்டி,
மெல்லிசாய்,
யாருடையதும் அல்லாமல்.
நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
பார்த்தால் போய்விடும்.

துடைப்பத்தோடு நின்றிருந்த பெண்
வாளியைக் கீழே வைத்தாள்,
குனிந்து
கடைசிக் கதவின் அடியில்
கால் தெரிகிறதா என்று பார்த்தாள்.