நாற்பது கிலோவாட் இருட்டு

அந்தப் படத்தை நான் கேட்டிருக்கிறேன்.
பார்த்ததில்லை, அப்போது.
கானாடுகாத்தானில் இருபத்திரண்டு இரவுகள்
பெரிய வீட்டின் பின்வாசல் தெருவில்
ஜெனரேட்டர் வண்டிக்குள் இருந்தேன்.
டீசல் குறைந்தால் ஊற்றுவேன்.
வோல்டேஜ் முள் ஆடினால் முறைப்பேன்.
உள்ளே உமையாள் அழுதாளாம்;
எனக்கு லோடு ஏறியது மட்டும் தெரிந்தது.

நாவல் கைக்கு வந்தது ஒன்பது வருடம் கழித்து,
ஊர்ப்புற நூலகத்தில்.
அட்டையில் அந்த நடிகை.
யாரோ பேனாவால் மீசை வரைந்திருந்தார்கள்.
'படம் வந்தப்ப போட்ட பதிப்பு, அடைக்கலம்.
உள்ள இருக்கிறது பழசுதான்'
என்றார் நாச்சம்மை மேடம்,
தேதி முத்திரையை இரண்டுமுறை குத்தி.

இப்போது வேறு ஷூட்டிங், பள்ளத்தூரில்.
உறுமலுக்கு நடுவே
ஸ்டியரிங்கில் சாய்த்துவைத்து
இரவுக்கு ஆறு பக்கம், ஏழு பக்கம்.
ஓரமெல்லாம் என் கிரீஸ் ரேகை.
அடுத்து எடுக்கிறவர் மன்னிக்கணும்.

முதலில் வீடே சரியில்லை.
நாவலில் உமையாளுக்குப் பெரிய வீடு கிடையாது.
பாகப்பிரிவினையில் வந்த ஓர் அறை,
பாதி வளவு, மீதி வழக்கு.
நாங்கள் கேபிள் சுற்றிய தேக்குத் தூண்கள்
எழுதியவருக்குத் தெரியாது.
அவர் எண்ணியது மூன்று தூண்,
அதிலும் ஒன்றில் கரையான்.

அப்புறம் முகம்.
பதினான்காம் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்:
அம்மைத் தழும்பு; இடது கண் சற்று ஒதுங்கிப் பார்க்கும்.
நானும் தழும்பை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறேன்.
பத்து வரி தாண்டுவதற்குள்
நடிகையின் கன்னம் வழுவழுவென்று வந்துவிடுகிறது,
சில சமயம் மீசையோடு.

நூற்று முப்பதில் மழை.
எங்கள் மழைக்கு மூன்று தண்ணீர் லாரி,
ஏழரைக் குதிரைசக்தி மோட்டார்,
ஊரணியில் குழாய் போட்டதற்கு
விடியும்வரை பஞ்சாயத்து.
இங்கே 'அன்று பெய்தது' என்று ஒரே வரி.
நனைந்துவிட்டேன்.

கடிதம் வந்த இரவு
அவள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்கிறாள்.
பதினெட்டுப் பக்கம்.
ஒரு தீக்குச்சிகூட உரசவில்லை அந்த மனிதர்.
எனக்கு அந்த இரவு ஞாபகம் இருக்கிறது.
ஜன்னலுக்கு வெளியே நீலம், முற்றத்துக்கு மேலே நீலம்.
'இருட்டு பத்தல, இருட்டு பத்தல' என்று
வாக்கி டாக்கியில் கத்தக் கத்த
இன்னும் இரண்டு லைட் ஏற்றினார்கள்.
இருட்டைக் காட்ட எங்களுக்கு
நாற்பது கிலோவாட் வேண்டியிருந்தது.

குறை சொல்லவில்லை.
அந்த வெளிச்சத்தில்தான் என் மகளுக்கு ஃபீஸ் கட்டினேன்.
பொங்கலுக்கு டிவியில் போட்டபோது
அதே நீலத்தைப் பார்த்து
சோற்றில் கை வைத்தபடி அழவும் செய்தேன்.
என் கரண்ட் அது.

படத்தில் கடைசியில் ரயில் ஏறுவாள்.
செட்டிநாடு ஸ்டேஷனில் நாற்பது நிமிடம் கொடுத்தார்கள்,
அதற்குள் ஏறியாக வேண்டும்.
ஏறினாள், தியேட்டரில் விசில் பறந்ததாம்.
நாவலில் ஸ்டேஷன்வரை போகிறாள்.
பெஞ்சில் உட்கார்ந்து
செருப்பிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் போடுகிறாள்.
திரும்பி வந்து
இரட்டைக் கதவில் ஒன்றை மட்டும் சாத்துகிறாள்.
அவ்வளவுதான்.
அடுத்த பக்கம் வெள்ளை. அதற்கடுத்ததில்
மேடத்தின் முத்திரை.

ஏன் ஒரு கதவு?
யார் வருவார்கள் என்று மற்றதை விட்டாள்?
முன்னே புரட்டினேன், பின்னே புரட்டினேன்.
பேக்கப் என்று குரல் வந்தது.
'அடைக்கலண்ணே, ஆஃப் பண்ணிக்கங்க.'
நிறுத்தினேன்.
பள்ளத்தூர் தெரு அப்படியே உள்ளே போய்விட்டது.
மடியில் புத்தகம் திறந்திருக்கிறது.
டார்ச் பையில்தான் இருக்கிறது.
எடுக்கவில்லை.
கண் பழகட்டும்.