வால்

மீனாட்சிபுரம், பால் சோதனைச் சாவடி.
திருவோணத்துக்கு மூன்று நாள்.
சாலையோரம் பதினொரு டேங்கர்.
என் மடிக்கணினியிலும் பதினொன்று:
ஒவ்வொன்றின் கையிலும் அடுத்ததன் முகவரி,
கடைசியின் கையில் ஒன்றுமில்லை.

லிஸ்பில்
வெறும் பட்டியலுக்கும் பொய்க்கும் ஒரே சொல்.
சாவடியில் இதைச் சொன்னால் யாரும் வியப்பதில்லை.

கொழுப்புக்கு ஒரு மேசை, யூரியாவுக்கு ஒரு மேசை.
முதல் மூன்றுக்கும் ராத்திரியே யூரியா பார்த்தாச்சு,
எனக்கு நாலிலிருந்து போதும் என்றாள் பிரசீதா.
புதிதாக எழுதுவானேன்?
அதே சங்கிலியின் நான்காம் கண்ணியைக் காட்டி
இதுதான் உன் வரிசை என்றேன்.
இரண்டு தலை, ஒரு வால்.
நினைவகம் மிச்சம்.
கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பத்து மணிக்கு
ஏழாவதன் கொழுப்பு முடிவு முந்திக்கொண்டு வந்தது.
தேறிவிட்டது. நீக்கு என்றேன்.
ஆறின் கை ஏழை விட்டுவிட்டு
எட்டைப் பிடித்தது.
ஏழை என்றது எண்தான்,
அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

பிரசீதா ஆறைக் கூப்பிட்டாள்.
எட்டைக் கூப்பிட்டாள்.

ஒன்றரைக்கு வெள்ளிங்கிரி கதவைத் தட்டினார்,
சட்டைப் பையில் நனைந்த சீட்டு.
"என்னையக் கூப்படவே இல்லீங்க.
பால் புளிச்சுப்போனா ஓனருக்கு யாருங்க பதில் சொல்றது?"
அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள்:
"இல்லல்லோ. இவிடெ இல்லா."
பொய்யில்லை. அவள் வரிசையில் அவர் இல்லை.
கண்ணாடிக்கு வெளியே
பன்னிரண்டாயிரம் லிட்டர் வெயிலில் நின்றது.

நகலெடு, பிறகு வெட்டு.
அல்லது வெட்டவே வெட்டாதே,
வேண்டாததை விட்டுப் புதிதாய்க் கோத்துக் கொடு.
தலையையே நீக்கினால்
மிஞ்சியதைப் பெயரோடு திரும்பக் கட்டு,
இல்லாவிட்டால் பெயர்
போனவனையே பிடித்துத் தொங்கும்.
எல்லாம் தெரியும் எனக்கு.
கோவையில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன்,
கைதட்டினார்கள்.

இரண்டு மணிக்குத் திருத்தினேன்.
மேசைக்கொரு சங்கிலி.
கண்ணிகள்தான் புதிது,
தொங்குவது அதே வண்டி, அதே பால்.
அதற்கு நகல் கிடையாது.

யூரியா இல்லை.
ஆனாலும் இன்னொன்று பார்க்கணும் என்று
குழாயில் பாலும் ஆல்கஹாலும் சரிக்குச் சரி ஊற்றினாள்,
கட்டைவிரலால் வாயை மூடிக்
கவிழ்த்து நிமிர்த்தினாள்.

உள்சுவரில் துகள் ஒட்டுகிறதா என்று
மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.